சுவர் மாடமும் பாடல் மாடமும்

வெனிஸ் நகரில் கடற்காயலை நோக்கி நிற்கும் பியெத்தா ஆலயத்தின் பக்கச் சுவரில் ஒரு பழைய கல்வெட்டு உண்டு. வளர்க்கும் வசதி இருந்தும் தாம் பெற்ற பிள்ளைகளை இந்த இல்லத்தில் விட்டுச் செல்வோர் இறைவனின் சாபத்திற்கும் திருச்சபையின் விலக்கத்திற்கும் ஆளாவர் என்று அது எச்சரிக்கிறது. திருத்தந்தை மூன்றாம் சின்னப்பர் 1548-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் விடுத்த ஆணையை அதற்குச் சான்றாகவும் காட்டுகிறது. சாபம் கல்லில் பொறிக்கப்பட்டது. ஆயினும் குழந்தைகள் வருவது நிற்கவில்லை. இல்லத்துச் சுவரில் ஒரு சிறு மாடம் இருந்தது. பச்சிளங் குழந்தை ஒன்றை மட்டுமே வைக்கக்கூடிய அளவு அதற்கு. இரவின் இருளில் யாரோ ஒரு தாய் வருவாள். குழந்தையை அந்த மாடத்தில் வைப்பாள். திரும்பிப் பாராமல் போய்விடுவாள். சிலர் குழந்தையின் துணியில் பாதியாக வெட்டிய பதக்கம் ஒன்றை வைத்துச் செல்வதுண்டு. மறுபாதி தாயிடம் இருக்கும். என்றேனும் ஒருநாள் இரு பாதிகளும் ஒன்று சேரும் என்னும் நம்பிக்கை அது.

அந்த மாடத்தில் விடப்பட்ட குழந்தைகளுள் சிலர்தாம் பின்னாளில் ஐரோப்பாவையே தம் இசையால் வியக்க வைத்தார்கள். சுவர் மாடத்தில் தொடங்கிய வாழ்வு ஆலயத்தின் பாடல் மாடத்தை எட்டிய இந்த வரலாறு, பிள்ளைகளுக்கு இசை கற்பிப்பது எதற்காக, யாருக்காக என்னும் கேள்வியை இன்றும் நம்மிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது. இசைப் பாடவேளையைக் கணக்குப் பாடத்திற்குத் தாரை வார்க்கும் பள்ளிகள் மலிந்த இந்நாளில், அக்கேள்விக்கு நாம் செவி சாய்த்தாக வேண்டும்.

இரக்கத்தின் இல்லங்கள்

பியெத்தா என்றால் இரக்கம் என்று பொருள். 1346-ஆம் ஆண்டில் பிரான்சிஸ்கு சபைத் துறவி ஒருவர் இந்தப் பணியைத் தொடங்கினார். தெருத்தெருவாக 'இரக்கம், இரக்கம்' என்று கூவி அவர் பிச்சை கேட்டதாகவும், அக்கூவலே இல்லத்தின் பெயராயிற்று என்றும் மரபு வழிச் செய்தி கூறுகிறது. வெனிஸ் நகரில் இத்தகைய பெரிய இல்லங்கள் நான்கு இருந்தன. பியெத்தா கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு உரியது. மெண்டிகாண்டி இரவலர்க்கும், இன்குராபிலி தீராத நோயாளர்க்கும், ஒஸ்பெதாலெத்தோ ஏதிலிகளுக்கும் எனத் தோன்றின. பின்னர் இந்த மூன்றும் பெற்றோரற்ற சிறுமியரையும் ஏற்று வளர்த்தன.

இவற்றுள் இன்குராபிலி நமக்கு அயலான இடம் அன்று. 1537-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், புனித இஞ்ஞாசியாரின் தோழர்கள் வெனிஸ் வந்து சேர்ந்தபோது, அந்த நோயாளர் இல்லத்தில் பணி செய்தவர்களுள் ஒருவர் பிரான்சிஸ் சவேரியார். அதே ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் அவர் வெனிஸில் குருப்பட்டம் பெற்றார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் முத்துக்குளித்துறைக்கு வந்து, கையில் மணியுடன் தெருவில் நடந்து சிறுவர்களைத் திரட்டி, தமிழில் செபங்களைச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. கைவிடப்பட்ட பிள்ளைகளின் பாதுகாவலர் எனத் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1928-இல் அறிவித்த புனித எரோணிமுஸ் எமிலியானியும் வெனிஸ் நகரத்தவரே. இந்த இல்லங்களோடு நெருங்கிய தொடர்புடையவரே.

இல்லத்துச் சிறுவர்கள் வளர்ந்ததும் ஏதேனும் ஒரு கைத்தொழிலுக்கு அனுப்பப்பட்டார்கள். பெண்களுக்கோ வழி மூன்றே. திருமணம், துறவு மடம், அல்லது ஆயுள் முழுவதும் அந்த இல்லம். பெரும்பாலோர் நூற்றார்கள், தைத்தார்கள், பின்னல் வேலை செய்தார்கள். குரல்வளமும் செவிக்கூர்மையும் உள்ள சிறுமியரைப் பிரித்தெடுத்து வழிபாட்டில் பாடுவதற்குப் பழக்கினார்கள். அவர்கள் பாடக் கேட்டு மக்கள் கூடினார்கள், காணிக்கை பெருகியது. காணிக்கை பெருகியதும் நிர்வாகிகள் தேர்ந்த ஆசிரியர்களை ஊதியம் கொடுத்து அமர்த்தினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் வேரூன்றிய இந்த ஏற்பாடு பதினெட்டாம் நூற்றாண்டில் உச்சத்தைத் தொட்டது.

செந்தலைக் குருவானவர்

1703-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் குருப்பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் அதே ஆண்டு செப்டம்பரில் பியெத்தாவில் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். தலைமுடி செம்மை நிறமாக இருந்ததால் மக்கள் அவரைச் 'செந்தலைக் குருவானவர்' என்று அழைத்தார்கள். அவரே அண்டோனியோ விவால்டி. நெஞ்சை இறுக்கும் நோய் ஒன்று பிறவியிலிருந்தே அவரை வருத்தியது. அதனால் குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளிலேயே திருப்பலி நிறைவேற்றுவதை நிறுத்த நேர்ந்தது என்று பிற்காலத்தில் எழுதிய மடல் ஒன்றில் அவரே குறிப்பிடுகிறார். பீடத்தில் நிற்க இயலாத அந்தக் குரு, பெற்றோர் பெயர் தெரியாத பெண்பிள்ளைகளின் நடுவில் நின்று கற்பித்தார்.

நிர்வாகக் குழு ஆண்டுதோறும் வாக்கெடுத்தே ஆசிரியரை நீட்டித்தது. 1709-இல் வாக்குகள் அவருக்கு எதிராக விழுந்தன. 1711-இல் மீண்டும் அழைத்தார்கள். 1723-இல் மாதம் இரண்டு புதிய இசைக்கோவைகள் எழுதித் தர வேண்டும் என்று ஒப்பந்தம் செய்தார்கள். அவர் எழுதிய ஏறத்தாழ ஐந்நூறு இசைக்கோவைகளுள் பல இந்தப் பெண்களுக்காகவே பிறந்தவை. விவிலியத்தின் யூதித்து வரலாற்றை வைத்து அவர் 1716-இல் இயற்றிய இசை நாடகத்தில், படைத்தலைவன் ஒலோபெர்னின் பாத்திரம் உட்பட எல்லாப் பாத்திரங்களையும் பியெத்தாவின் பெண்களே பாடினார்கள். வாளும் கேடயமும் ஏந்திய ஆண்களின் குரலைக் குடும்பப் பெயர்கூட இல்லாத பெண்கள் எடுத்துப் பாடியதை எண்ணிப் பார்க்கும்போது வியப்பு மேலிடுகிறது.

குடும்பப் பெயர் இல்லாததால் கருவியின் பெயரே அவர்களுக்கு அடைமொழி ஆயிற்று. 'வயலின் அன்னா மரியா' என்றால் நகரமே அறியும். ஏறத்தாழ 1696-இல் பிறந்த அவர் 1782-இல் அந்த இல்லத்திலேயே கண் மூடினார். விவால்டியின் மாணவியாகத் தொடங்கியவர் ஆசிரியை ஆனார். கியாரெத்தா போன்ற அடுத்த தலைமுறைக் கலைஞரை உருவாக்கினார். வெளியிலிருந்து வந்த ஆசிரியர்கள் சிலரே. மூத்த பெண்கள் இளைய சிறுமியருக்குக் கற்பிப்பது என்னும் வழக்கமே அந்த இசையைத் தலைமுறைகள் கடந்து தாங்கி நின்றது. தாயை அறியாத சிறுமிக்கு, தன் கையைப் பிடித்து வில்லைப் பழக்கிய அக்கா ஒருத்தி இருந்தாள். இதைவிடச் சிறந்த மருத்துவம் எது?

கம்பிக்கு அப்பால்

ஆனால் வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தல் ஆகாது. அந்தப் பெண்கள் பாடல் மாடத்தில் கம்பித் தட்டிகளுக்குப் பின்னால் நின்று பாடினார்கள். குரல் மட்டுமே வெளியே வந்தது, முகம் தெரியவில்லை. 1743-ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தூதரின் செயலராக வெனிஸ் வந்த ரூசோ, மெண்டிகாண்டி இல்லத்துப் பாட்டில் மனம் பறிகொடுத்தார். பாடியவர்களை நேரில் காண வேண்டும் என்று வற்புறுத்தி விருந்துக்கு அழைப்பும் பெற்றார். அங்கே அவர் கண்டது ஒரு கண் இழந்த பெண்ணையும், அம்மைத் தழும்பு ஏறிய முகத்தையும். தாம் ஏமாற்றம் அடைந்ததை அவர் ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். ஆயினும் அவர்களோடு பேசிப் பழகிய பின் அந்த முகங்களிலும் அழகைக் கண்டதாக ஒப்புக்கொள்கிறார். குரலை மட்டும் விரும்பி, ஆளை விரும்பாத உலகம் அது. இன்றும் அது பெரிதும் மாறிவிட்டதாகத் தோன்றவில்லை.

பாடற்குழுவில் இருந்த பெண் திருமணம் செய்துகொண்டு வெளியேறினால் அந்நகரில் மீண்டும் பொதுமேடை ஏறக் கூடாது என்னும் கட்டுப்பாடும் இருந்தது. எல்லாவற்றிலும் மேலாக ஒரு கணக்கு நம்மை உறுத்துகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பியெத்தாவின் பராமரிப்பில் இருந்தோர் தொகை ஆயிரத்தை எட்டியது என்பர். பாடற்குழுவில் இருந்தோர் ஐம்பது அறுபது பேரே. அந்தச் சிலருக்கு நல்ல உணவும், தனிச் சலுகைகளும், பெயரும் கிடைத்தன. மற்றவர்கள் 'பொதுப் பெண்கள்' என்று ஒரே சொல்லில் அடங்கிப்போனார்கள். அவர்கள் நெய்த துணியும் துவைத்த ஆடையும் எந்த வரலாற்று நூலிலும் ஒலிக்கவில்லை.

நேப்பிள்ஸ் நகரில் நிலைமை இன்னும் கொடியதாக இருந்தது. ஆதரவற்ற சிறுவர்களுக்கான காப்பகங்கள் நான்கு அங்கே இசைப்பள்ளிகளாக வளர்ந்தன. இத்தாலிய மொழியில் காப்பகத்தைக் குறிக்கும் 'கொன்செர்வத்தோரியோ' என்னும் சொல்லே இன்று உலகெங்கும் இசைக்கல்லூரிகளுக்குப் பெயராக வழங்குகிறது. அங்கே பயின்ற சிறுவர்களுள் சிலர், குரல் உடையாமல் இருக்கவேண்டும் என்பதற்காக உடலில் ஊனப்படுத்தப்பட்டவர்கள். அத்தகைய குரல்கள் ஆலயங்களிலும் ஒலித்தன என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பிள்ளைக்காக இசை என்பது மறைந்து, இசைக்காகப் பிள்ளை என்று ஆகும்போது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு அது சாட்சி.

எல்லாருக்கும் பாட்டு

1797-ஆம் ஆண்டில் வெனிஸ் குடியரசு வீழ்ந்தது. நான்கு இல்லங்களின் இசைப்புகழும் மங்கியது. ஆனால் அவை எழுப்பிய கேள்விக்கு விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. 1903-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள், புனித செசிலியம்மாள் திருநாளன்று, திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் திருச்சபை இசை பற்றி ஒரு மடல் வெளியிட்டார். வழிபாட்டில் மேடைப் பகட்டு கூடாது; மக்களும் பாட வேண்டும்; உயர்ந்த குரலுக்குச் சிறுவர்களையே பாடவைக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். ஊனப்படுத்திய குரல்களின் காலம் அத்துடன் முடிவை நோக்கி நடந்தது.

அம்மடலால் ஈர்க்கப்பட்டவர்களுள் ஒருவர், 1904-இல் கத்தோலிக்க மறையைத் தழுவிய அமெரிக்கப் பெண்மணி ஜஸ்டின் வார்டு. மக்கள் பாட வேண்டுமானால் பிள்ளைப் பருவத்திலேயே பழக வேண்டும் என்று அவர் கண்டார். வாஷிங்டன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரான குரு தாமஸ் ஷீல்ட்ஸின் தூண்டுதலால் பள்ளிகளுக்கென ஒரு பாடமுறையை அமைத்தார். ஏழு சுரங்களுக்கு ஏழு எண்கள். விரலால் காட்டியும், கையை வீசித் தாளத்தை உணர்ந்தும் பாடும் எளிய முறை அது. 1920-இல் நியூயார்க் நகரில் நடந்த கிரகோரியன் இசை மாநாட்டில், இம்முறையில் பயின்ற ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் ஒரே குரலாய்ப் பாடினார்கள். ஆயிரத்தில் ஐம்பது பேரைப் பொறுக்கி எடுத்த காலம் போய், வகுப்பில் உள்ள எல்லாரும் பாடலாம் என்னும் காலம் பிறந்தது. ஹங்கேரி நாட்டில் சோல்தான் கோதாயும் பின்னர் இதே கொள்கையைத் தம் நாட்டுப் பாடல்களின் வழியே பள்ளிகளில் நிலைநாட்டினார்.

மறைந்திருக்கும் இசைக் குழந்தை

எல்லாரும் என்னும் சொல்லின் எல்லை எது? பேசாத பிள்ளை, பிறர் முகத்தை ஏறிட்டுப் பாராத பிள்ளை, கைகால் வசப்படாத பிள்ளை இவர்களும் அதில் அடங்குவரா? சவுல் அரசனின் கலங்கிய மனத்தைத் தாவீதின் யாழ் ஆற்றியதை விவிலியத்தில் நாம் வாசிக்கிறோம். ஆனால் இசையைப் பிள்ளைகளுக்கான முறையான சிகிச்சையாக வளர்த்தது இருபதாம் நூற்றாண்டே.

அமெரிக்க இசையமைப்பாளர் பால் நோர்டாஃப், 1959-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள சன்ஃபீல்டு குழந்தைகள் இல்லத்தில் கிளைவ் ராபின்ஸ் என்னும் ஆசிரியரைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து ஒரு புதிய வழியைக் கண்டார்கள். பிள்ளையை இசைக்கு ஏற்ப வளைப்பது அன்று, இசையைப் பிள்ளைக்கு ஏற்ப வளைப்பதே அவ்வழி. பிள்ளை அழுதால் அந்த அழுகையின் சுருதியையே பியானோ பற்றிக்கொள்ளும். முரசில் தாறுமாறாக அடித்தால் அந்த அடிக்கு இசைந்து பியானோவும் ஓடும். யாரோ தன்னைக் கேட்கிறார்கள் என்பதைப் பிள்ளை ஒரு நொடியில் உணரும்; அடியை நிறுத்திப் பார்க்கும்; மீண்டும் அடிக்கும். கேள்வியும் விடையும் போன்று சொல்லில்லாத உரையாடல் ஒன்று அங்கே தொடங்கும். எவ்வளவு பெரிய குறைபாடு இருப்பினும், ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் இசைக்கு விடையளிக்கும் 'இசைக் குழந்தை' ஒன்று உண்டு என்பது அவர்கள் கண்ட உண்மை. நம் மறையுரைகளில் இறைச்சாயல் என்று நாம் சொல்வதற்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை.

இதில் மிகைப்படுத்தலும் கூடாது. 1993-ஆம் ஆண்டில், மோட்சார்ட்டின் இசையைச் சிறிது நேரம் கேட்ட கல்லூரி மாணவர்கள் ஒருவகைத் தேர்வில் சற்று மேம்பட்டார்கள் என்று ஓர் ஆய்வு கூறியது. அந்த மேம்பாடு சில நிமிடங்களே நீடித்தது. அதற்குள் இசை கேட்டால் குழந்தை அறிவாளியாகும் என்று உலகெங்கும் பறைசாற்றினார்கள். 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு வழங்கப் பணமே ஒதுக்கக் கேட்டார். பின்னர் வந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையைத் தாங்கவில்லை. ஆட்டிசம் உடைய பிள்ளைகள் 364 பேரை வைத்து ஒன்பது நாடுகளில் நடந்து 2017-இல் வெளிவந்த ஆய்வு, இசைச் சிகிச்சையால் அக்குறைபாட்டின் அறிகுறிகள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்று கண்டது. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளிவந்த மதிப்பீடோ, பொதுவான முன்னேற்றத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் நன்மை இருக்கக்கூடும் என்கிறது. இசை நோயை அகற்றும் மந்திரம் அன்று. அது பிள்ளையோடு உடன் நடக்கும் துணை. துணைக்கும் மந்திரத்திற்கும் உள்ள வேறுபாட்டை, துன்பத்தில் தவிக்கும் பெற்றோரிடம் வாணிகம் செய்வோர் மறைக்கிறார்கள், நாம் மறைக்கலாகாது.

இரு தந்தையரின் காணிக்கை

விவால்டி 1741-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் வியன்னாவில் ஏழையாக இறந்தார். அவருடைய இசையும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் உறங்கியது. 1926-இல் வட இத்தாலியிலுள்ள சலேசியப் பள்ளி ஒன்று தன் கட்டடத்தைப் பழுதுபார்க்கப் பணமின்றி, தன்னிடம் கிடந்த பழைய கையெழுத்துச் சுவடிகளை விற்க முன்வந்தது. தூரின் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்பெர்த்தோ ஜெந்திலி அவற்றைப் பிரித்துப் பார்த்தார். விவால்டியின் கையெழுத்துப் படிகள் தொகுதி தொகுதியாக அங்கே இருந்தன.

வாங்குவதற்கு நூலகத்திடம் பணமில்லை. அப்போது ரொபெர்த்தோ ஃபோவா என்பவர் அவற்றை வாங்கி நூலகத்திற்கு வழங்கினார், இறந்துபோன தம் சிறு மகன் மவுரோவின் நினைவாக. எஞ்சிய பாதி வேறொரு குடும்பத்திடம் இருப்பது பின்னர் தெரியவந்தது. அதனை 1930-இல் வாங்கி வழங்கியவர் ஃபிலிப்போ ஜொர்தானோ. அவரும் சிறு மகன் ரென்சோவை இழந்த தந்தை. இன்று தூரின் தேசிய நூலகத்தில் அந்தச் சுவடிகள் 'மவுரோ ஃபோவா', 'ரென்சோ ஜொர்தானோ' என்னும் அக்குழந்தைகளின் பெயர்களையே தாங்கி நிற்கின்றன.

இதனை நினைக்கும்தோறும் அந்தப் பாதிப் பதக்கம்தான் நினைவுக்கு வருகிறது. பெற்றோர் கைவிட்ட பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட இசையை, பிள்ளைகளை இழந்த பெற்றோர் மீட்டார்கள். சுவர் மாடத்தில் வெட்டுண்ட இரு பாதிகளும் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் ஏட்டில் ஒன்று சேர்ந்தன.

நம் பள்ளிகளில்

நம் பங்குகளில் பாடற்குழு இல்லாத ஊர் இல்லை. நம் பள்ளிகளில் ஆண்டுவிழா இல்லாத ஆண்டும் இல்லை. ஆயினும் 'உனக்குக் குரல் இல்லை, வாயை மட்டும் அசைத்தால் போதும்' என்னும் சொல்லைச் சிறுவயதில் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தச் சொல்லுக்குப் பின் ஆயுள் முழுவதும் பாடாமலே போனவர்களும் உண்டு. அவர்களே நம் காலத்துப் 'பொதுப் பெண்கள்'.

நாம் செய்ய வேண்டியது பெரிய செலவு அன்று. வாரத்தில் ஒரு பாடவேளையை எவரும் பறிக்காமல் இசைக்கென்று காத்தல். அதில் குரலைப் பொறுக்காமல் வகுப்பு முழுவதையும் பாடவிடுதல். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பித்தல். பேசாத பிள்ளையின் கையிலும் ஒரு கஞ்சிராவையோ தாளத்தையோ கொடுத்து, அது எழுப்பும் ஒலிக்கு நாம் காத்திருத்தல். பரிசுக்கோப்பைக்காகவும் பார்வையாளர்க்காகவும் பாடும் பத்துப் பேரை உருவாக்குவது எளிது. பாடத் தெரியாது என்று நாம் முடிவு கட்டிய ஒரு பிள்ளையின் முன் அமர்ந்து செவி சாய்ப்பது அரிது. இரக்கம் என்னும் பெயரை அந்தப் பழைய இல்லம் தாங்கியது. அந்தப் பெயருக்குரிய பணி இன்னும் முடியவில்லை.

பியெத்தாவில் இன்று நாம் காணும் ஆலயம் விவால்டி இறந்தபின் கட்டி முடிக்கப்பட்டது. அவர் அதில் ஒரு நாளும் வாசித்ததில்லை. ஆயினும் அதன் உயர்ந்த மாடங்களில் கம்பித் தட்டிகள் இன்றும் இருக்கின்றன. கம்பிக்கு அப்பால் நிற்கும் பிள்ளையின் முகம் எது என்று கேட்கும் மனம் நமக்கு வாய்க்கட்டும். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைக்கும் ஆண்டவர், குரலையும் கேட்கிறார். குரலற்றவரின் மௌனத்தையும் கேட்கிறார்.